வெள்ள வரைபடத்தில் ஆறு எத்திசையில் ஓடுகின்றது?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ புயல் இந்நாட்டைத் தாக்கி 600 இற்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டதன் பின்னர், ‘வெள்ள அபாய வரைபடம்’ என்ற சொற்றொடர் கொழும்பின் கருத்தரங்கு மண்டபங்களில் இருந்து வெளிவந்து கிராம உத்தியோகத்தரின் அலுவலகம் வரை சென்றடைந்துவிட்டது. எங்கே மீண்டும் வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது, எந்தக் குடும்பம் இடம்பெயர்க்கப்பட வேண்டும், எந்த வயலுக்கு நட்டஈடு உண்டு என்ற வினாக்கள் அனைத்திற்கும் நிறந்தீட்டப்பட்ட ஒரு வரைபடமே விடையாகக் காட்டப்படுகின்றது. அவ்வரைபடத்தில் நீல நிறம் எங்கே முடிவடைகின்றது என்பதை யார், எவ்வாறு தீர்மானிக்கின்றார்கள் என்ற வினா மாத்திரம் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

கோடு ஒன்றினால் வாழ்வு தீர்மானிக்கப்படுவது எமது மக்களுக்குப் புதிய அனுபவமல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் அரசாங்கம் பிரகடனம் செய்த கரையோர இடைவெளி வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே நெருக்கமாக வாழும் காத்தான்குடி, மருதமுனை, கல்முனை போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது என்ன பொருள் தரும் என்பதை அங்கு ஒருநாள் நடந்தவர்கள் கூட அறிவர். அக்கோடு பின்னர் தளர்த்தப்பட்டது உண்மையே. எனினும் அதற்கிடையில் மீள்குடியேற்றம் தடைப்பட்டு, தற்காலிகக் கொட்டில்களில் காலம் கழித்தவர்களின் தொகை சிறியதல்ல. ஆனால் அந்தக் கோட்டிலே ஒரு நேர்மை இருந்தது எனலாம். அது அளவு நாடாவினால் அளக்கப்பட்ட கோடு. அதன் அநீதி எவர் கண்ணுக்கும் புலப்பட்டது. ஆகவே எவரும் அதனை எதிர்த்து வாதிட முடிந்தது. வெள்ள வரைபடத்தின் கோடு அத்தகையதன்று. அது கணினியினுள்ளே பிறக்கின்றது. அதனோடு வாதிட வேண்டுமாயின் அது பிறக்கும் முறையைச் சற்றேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆற்று நீரின் ஓட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதிய பெருமை பிரெஞ்சு நாட்டவரான சான் வெனாவுக்கு உரியது. 1871 இல் அவர் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. சிக்கல் என்னவெனில், வளைந்து நெளிந்து, அகன்று ஒடுங்கி ஓடும் உண்மையான ஆறு ஒன்றிற்கு அவற்றைக் காகிதத்தில் தீர்த்துவிட முடியாது. எனவேதான் அமெரிக்கர்கள் 1943 இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளின்டன் நகருக்கருகே ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில், மிசிசிப்பி ஆற்றுப்படுகை முழுவதையும் கொங்கிறீற்றினால் சிறிதாக்கிக் கட்டத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பிடிக்கப்பட்ட ஜேர்மானியப் படையினரே அதன் ஆரம்ப வேலைகளைச் செய்தவர்கள் என்பது சுவாரசியமான தகவல். இன்று அவ்விடம் காடு மண்டிக் கிடக்கின்றது. கொங்கிறீற்று ஆற்றின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டுவிட்டது.

கணினி முறையின் அடிப்படை எண்ணம் எளிமையானது. ஆறும் அதன் இரு மருங்கிலுமுள்ள தாழ்நிலமும் அடங்கிய பிரதேசத்தின் மீது ஒரு வலை விரிக்கப்படுகின்றது. வலையின் ஒவ்வொரு கண்ணிற்கும் ஒரு நீர்மட்டம். ஒரு கண்ணையும் அடுத்த கண்ணையும் பிரிக்கும் ஒவ்வொரு பக்கத்தின் ஊடாகவும் எவ்வளவு நீர் கடக்கின்றது என்பது சில செக்கன்களுக்கு ஒருமுறை கணிக்கப்படும். இலட்சக்கணக்கான கண்களில் இக்கணக்கு திரும்பத் திரும்ப நிகழ்த்தப்பட்டு, ஈற்றில் எக்கண்கள் நனைந்தன, எவை நனையவில்லை என்ற பட்டியல் கிடைக்கின்றது. அப்பட்டியலுக்கு நிறம் தீட்டினால் அதுவே வெள்ள வரைபடம். அமெரிக்க இராணுவப் பொறியியல் படைப்பிரிவின் ‘ஹெக் ராஸ்’, நெதர்லாந்தின் ‘டெல்ஃப்ட் 3டி’, டென்மார்க்கின் ‘மைக்’ ஆகியன இத்துறையில் பெயர்பெற்ற மென்பொருட்கள். இவற்றுள் ஹெக் ராஸ் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. 2016 இல் வெளிவந்த அதன் ஐந்தாவது பதிப்புடன் இவ்வாறான இருபரிமாண வலைக் கணிப்பும் அதில் இணைக்கப்பட்டது.

வலைக்கண்ணின் பருமன் முக்கியமானது என்பதை எவரும் ஊகிக்கலாம். பொடிமீன் பிடிப்பவர் பெருங்கண் வலையை எடுத்துச் செல்வதில்லை. ஆனால் பருமனைப் போலவே, சில இடங்களில் அதைவிடவும், முக்கியமான இன்னொன்று உண்டு. அது கண்ணின் பக்கங்கள் நீரோடும் திசைக்கு ஒத்து அமைந்துள்ளனவா என்பதாகும்.

மென்பொருளிடம் விட்டுவிட்டால் அது பொதுவாகச் சதுரங்களையே, வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும், வயல் வரப்புப் போல அடுக்கிவைக்கும். ஆறு அச்சதுரங்களுக்கு இசைவாக ஓடுமென்று எவ்வித உத்தரவாதமும் இல்லை. ஆறு சதுரங்களைக் குறுக்காக, மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு ஓடும் இடத்தில் கணினியின் நீர் நேராகச் செல்ல வழியில்லாமல் படிக்கட்டு இறங்குவது போல ஒரு பக்கம் கிழக்கே, ஒரு பக்கம் தெற்கே என்று மாறி மாறிக் கடக்கின்றது. ஒவ்வொரு கடப்பிலும் ஆற்றின் நடுவிலுள்ள வேகமான நீரின் உந்தம் பக்கத்துக் கண்களிலுள்ள மெதுவான நீரோடு கலந்து கரைகின்றது. உண்மையான ஆற்றில் நிகழாத கலப்பு இது. கணக்கு முறையினால் மாத்திரம் தோன்றும் இதனை ‘பொய்ப் பரவல்’ எனலாம்.

இதன் அளவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். கண்ணின் பக்கம் 20 மீற்றர். நீரின் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். ஓட்டம் கண்ணுக்கு 45 பாகை சாய்வாக உள்ளது எனக் கொள்வோம். மிக எளிய கணிப்பு முறையில் பொய்ப் பரவலின் குணகம் செக்கனுக்கு 7 சதுர மீற்றர் அளவில் வருகின்றது. 3 மீற்றர் ஆழமான சாதாரண ஆறு ஒன்றில் இயற்கையாக நிகழும் குறுக்குக் கலப்பின் குணகமோ 0.2 என்ற அளவில்தான் இருக்கும். அதாவது இயற்கையைவிட ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு பெரிய ஒரு செயற்கை விளைவு, எவரும் கேளாமலே, மாதிரியினுள் புகுந்து அமர்ந்துகொள்கின்றது. மேம்பட்ட கணிப்பு முறைகள் இதனைக் குறைக்கின்றன; முற்றாக நீக்குவதில்லை. அதே 20 மீற்றர்க் கண்களை ஆற்றின் திசைக்குத் திருப்பி அமைத்தாலோ இக்குறுக்குப் பரவல் பூச்சியத்தை அண்மிக்கின்றது. கண்களைப் பாதியாகச் சிறிதாக்கினால் போதாதா என்று கேட்கலாம். பாதியாக்கினால் பிழையும் பாதியாகும். ஆனால் கண்களின் தொகை நான்கு மடங்காகும்; கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் கணினியின் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். திசையைத் திருத்துவதற்குத் தேவைப்படுவது வேகமான கணினியன்று. ஆற்றின் வளைவுகளைப் பின்பற்றிக் கோடுகளை வரையும் பொறியியலாளரின் சில நாள் பொறுமை மாத்திரமே.

இப்பிழை தன்னை மறைத்துக்கொள்வதுதான் அதன் ஆபத்து. பொய்ப் பரவலினால் மாதிரியிலுள்ள ஆறு உள்ளதைவிட மெதுவாக ஓடுகின்றது. மேல்பகுதியில் நீர்மட்டம் உயர்ந்து காட்டுகின்றது. கடந்தகால வெள்ளம் ஒன்றின்போது நீர்மானியில் பதிவான அளவோடு மாதிரியை ஒப்பிடும் பொறியியலாளர் வேறுபாட்டைக் காண்கின்றார். அவர் கையில் இலகுவாகத் திருப்பக்கூடிய ஒரு திருகு உண்டு. அதுதான் ஆற்றுப் படுக்கையின் கரடுமுரடைக் குறிக்கும் மானிங் குணகம். சாதாரண ஆற்றுக்கு 0.03 முதல் 0.035 வரை இருக்கவேண்டிய அதனைச் சற்றுக் குறைத்தால் நீர் வேகமாக ஓடும், அளவுகள் பொருந்தும், அறிக்கையில் ‘மாதிரி சரிபார்க்கப்பட்டது’ என எழுதப்படும். ஒரு பிழையை இன்னொரு பிழையினால் சமப்படுத்தியிருப்பது எவர் கண்ணிலும் படாது. சரிபார்த்த அளவு வெள்ளமே மீண்டும் வந்தால் மாதிரி சரியாகவே சொல்லும். அதைவிடப் பெரிய வெள்ளம் வந்து, கரைகளைத் தாண்டி வேறொரு திசையில் பாயும்போதுதான் அச்சமநிலை குலைகின்றது. அப்போது பிழை கூடுதலாக வருமா, குறைவாக வருமா என்பதைக்கூட முன்கூட்டியே கூறிவிட முடியாது. வெள்ள வரைபடம் ஒன்றின் பயனே முன்னர் கண்டிராத பெருவெள்ளத்தைப் பற்றிச் சொல்வதுதான் என்பதை எண்ணிப் பார்க்கையில் இதன் பாரதூரம் விளங்கும்.

கட்டுகள் தொடர்பான பிழை இதைவிட வெளிப்படையானது. வெள்ளத் தடுப்புக் கட்டு ஒன்றின் உச்சி சில மீற்றர் அகலமே உடையது. 50 மீற்றர்க் கண் ஒன்றின் நடுவே அது செல்லுமாயின், அக்கண்ணிற்கு ஒரேயொரு நீர்மட்டமே இருப்பதால், ஆற்றுப் பக்கத்தில் புகுந்த நீர் கட்டின் மறுபக்கத்திலும் இருப்பதாகவே கணினி கொள்ளும். கட்டு உடையவுமில்லை, நீர் மேவிப் பாயவுமில்லை. ஆயினும் வரைபடத்தில் மறுபக்கத்து வீடுகள் நீருள் கிடக்கும். கட்டின் உச்சி நெடுகிலும் கண்களின் பக்கங்களைப் பொருத்தி வைப்பதே இதற்கான தீர்வு. ஹெக் ராஸில் இதற்கென்றே ‘முறிகோடு’ வரையும் வசதி தரப்பட்டுள்ளது. எதிர்மாறான நிலையும் உண்டு. வீதிக்காக உயர்த்தப்பட்ட மண்மேட்டைச் சரியாகப் பொருத்திவிட்டு, அதன் கீழுள்ள மதகுகளைச் சேர்க்க மறந்தால், உண்மையில் வடிந்தோடும் நீர் வரைபடத்தில் அணைகட்டியது போலத் தேங்கி நிற்கும்.

இவை நெதர்லாந்தைப் பற்றியோ கலிபோர்னியாவைப் பற்றியோ மாத்திரம் உரியனவல்ல. களனி கங்கையின் கீழ்ப்பகுதியை நோக்குவோம். ஹங்வெல்லையிலிருந்து கடல் வரை ஆறு பெருவளைவுகளாக நெளிந்து மிகக் குறைந்த சாய்வில் ஓடுகின்றது. பிரித்தானியர் காலத்திலிருந்து கொழும்பு நகரைக் காத்துவரும் கட்டுகள் அதன் இருமருங்கிலும் உள்ளன. கட்டினால் காக்கப்படும் நிலமும் காக்கப்படாத நிலமும் அடுத்தடுத்தே அமைந்துள்ளன. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் நீரில் அமிழ்ந்து கிடந்ததையும், 2025 இல் மீண்டும் அதே பகுதிகள் அல்லலுற்றதையும் வாசகர்கள் அறிவர். அங்கு வாழ்பவர்களில் தமிழ், முஸ்லிம் குறைந்த வருமானக் குடும்பங்கள் கணிசமானவை. உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் இருப்பவர்களும் அவர்களுள் உள்ளனர். அத்தகைய ஒருவருக்கு வரைபடத்தின் 50 மீற்றர் என்பது கணிதப் பிரச்சினையல்ல. ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவரது பெயர் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் இடையிலான தூரம் அது.

கிழக்கின் நிலைமை இன்னும் சிக்கலானது. இந்நாட்டு நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் நீரைச் சுமந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவை நெருங்குகையில் ஒற்றை ஆறாக இருப்பதில்லை. வெருகல் ஆறு பிரிந்து தனியே கடலை அடைகின்றது. வில்லுகளும் கால்வாய்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் மாவிலாற்றுக் கட்டு உடைப்பெடுத்தபோது மூதூர், சேருவில பகுதிகளுக்குள் நீர் பாய்ந்தது. 2006 இல் மதகு மூடப்பட்டதன் காரணமாக உலகச் செய்திகளில் அடிபட்ட அதே மாவிலாறுதான். இத்தகைய நிலத்தில் ‘நீரோடும் திசை’ என்பது எது?

இவ்வினாவை நாம் சற்று ஆழமாக நோக்க வேண்டியுள்ளது. ஏனெனில் ஆற்றின் திசை நீர்மட்டத்தோடு மாறுவது. நீர் குறைவாக உள்ளபோது அது வளைவுகளைப் பின்பற்றி ஓடுகின்றது. வெள்ளம் கரைபுரண்ட பின்னர் வளைவுகளைப் பொருட்படுத்தாமல் அவற்றைக் குறுக்கறுத்துப் பள்ளத்தாக்கின் போக்கிலே செல்கின்றது. பெருவெள்ளத்தில் பழைய, தூர்ந்துபோன ஆற்றுத் தடங்கள் மீண்டும் உயிர்பெறுகின்றன. ஆற்றின் வாய்க்காலுக்குள் ஒரு திசையிலும், வெள்ளச் சமவெளியில் வேறொரு திசையிலும் வலையை அமைப்பதே முறையானது என்பர் துறைசார்ந்தோர். ஆனால் சமவெளியில் நீர் எங்கே செல்லும் என்பதைக் கண்டறியத்தானே மாதிரியே உருவாக்கப்படுகின்றது? வலையைச் சரியாக விரிப்பதற்கு விடையின் ஒரு பகுதியை முன்னரே அறிந்திருக்க வேண்டும். முதலில் பருமனான வலையில் ஓட்டிப் பார்த்து, கிடைத்த ஓட்டத் திசைக்கு ஏற்ப வலையைத் திருத்தி மீண்டும் ஓட்டுவது ஒரு வழி. இன்னொரு வழி, கண்டவர்களிடம் கேட்பது.

கண்டவர்கள் இருக்கின்றார்கள். எந்த வரப்பை முதலில் நீர் தாண்டும், எந்தத் தாழ்வில் எத்தனை நாள் நிற்கும், எந்த வீதி போடப்பட்ட பின்னர் எந்தக் கண்டத்தில் நீர் வடியாமற் போயிற்று என்பதெல்லாம் வட்டை விதானைகளுக்கும் மாடு மேய்ப்போருக்கும் தெரியும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் எப்போது வெட்டப்பட்டால் எந்த வயல்கள் தப்பும் என்பது குறித்து விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையே காலங்காலமாக நிகழும் தர்க்கமே ஒரு நீரியல் பாடம் எனலாம். பத்து இலட்சத்திற்கும் அதிகமானோரைப் பாதித்த 2011 ஜனவரி வெள்ளத்தின்போது நீர் வந்த வழியைத் தம் வீட்டுச் சுவரில் கோடிட்டு வைத்திருப்போரும் உள்ளனர். இவ்வறிவு மாதிரிக்குள் செல்வதற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழி தமிழ் மொழியில் அமைந்திருக்கவும் வேண்டும். டித்வாவின்போது எச்சரிக்கைகளே தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற விமர்சனம் எழுந்திருந்த நிலையில், வரைபடத் தயாரிப்பின்போது தமிழில் எவரும் வந்து வினவுவார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசையாகத் தோன்றலாம். ஆயினும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நியாயத்தின் பொருட்டு ஒன்றைக் கூறவேண்டும். வெள்ள வரைபடங்களில் உள்ள பிழைகளுள் வலையின் திசை மிகப் பெரியது என்று நாம் வாதிடவில்லை. மழைவீழ்ச்சி பற்றிய கணிப்பும் நிலத்தின் உயரத் தரவும் அதைவிடப் பெரிய பிழைகளைத் தரக்கூடியவை. 2000 ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடர் மூலம் பெறப்பட்ட இலவச உயரத் தரவில் பல மீற்றர் வழு உண்டு. தென்னந்தோப்பின் தலையை நிலமென்று அது கொள்வதும் உண்டு. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளக்கும் முறை இதனை வெகுவாகத் திருத்துகின்றது. ஆனால் செலவு அதிகம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர்களும் சோம்பேறிகள் அல்லர். உலக வங்கியின் நிதியுதவியுடன் 2014 இல் தொடங்கிய காலநிலைத் தாங்குதிறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஆற்றுப்படுகைகளுக்கான மாதிரிகளை உருவாக்கும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர். எமது கரிசனை வேறொன்று. மழைக் கணிப்பின் நிச்சயமின்மை எவராலும் உடனடியாக நீக்க முடியாதது. வலையின் திசையோ, மாதிரியின் கோப்பைத் திறந்து பார்த்தவுடன் பயிற்சியுள்ள எவர் கண்ணிலும் படக்கூடியது, திருத்தக்கூடியது. திறந்து பார்க்க அனுமதி உண்டா என்பதே கேள்வி. பொதுமக்களின் பார்வைக்கு வருவது பெரும்பாலும் இறுதி வரைபடம் மாத்திரமே. வலை அதில் இருப்பதில்லை.

அமெரிக்காவில் வெள்ள வரைபடம் ஒன்று வீட்டுக் கடனையும் காப்புறுதிக் கட்டணத்தையும் நேரடியாகப் பாதிக்கின்றது. எனவே அங்கு வரைபடம் இறுதியாக்கப்படுவதற்கு முன்னர் மேன்முறையீட்டுக்கென 90 நாட்கள் வழங்கப்படுகின்றன. ‘எனது வீடு பாவம்’ என்று முறையிட்டுப் பயனில்லை. தரவு பிழை அல்லது முறை பிழை எனத் தொழில்நுட்ப ரீதியாகக் காட்டவேண்டும். சிறு நகரசபைகள் தாமே பொறியியலாளரை அமர்த்தி மாற்றுக் கணிப்புகளைச் சமர்ப்பிப்பதுண்டு. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் இன்னொரு வழியில் சென்றது. பல நிறுவனங்களின் மென்பொருட்களுக்கு ஒரே பரீட்சைக் கணக்குகளைக் கொடுத்து, எவை எங்கே வேறுபடுகின்றன என்பதை 2013 இல் பகிரங்க அறிக்கையாகவே வெளியிட்டது. அவ்விரு நாடுகளின் வெள்ள நிருவாகமும் குறையற்றது என்பதல்ல இதன் பொருள்.

எமது நாட்டில் 1924 ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. பொதுப் பணத்தில், அல்லது எமது பிள்ளைகள் திருப்பிச் செலுத்தப்போகும் கடனில், உருவாக்கப்பட்ட மாதிரி ஒன்றின் கோப்புகளைக் கோருவதற்கு மூன்றாவது சட்டம் வழி திறக்கின்றது. கோப்பைப் பெற்று என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை தொலைவில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், பேராதனையும் மொறட்டுவையும் இதற்குத் தகைமை உடையவை. மென்பொருள் இலவசம். இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று ஒரு பருவ காலத்தில் வெருகல் கழிமுகத்தின் வலையை ஓட்டத் திசைக்குத் திருத்தி அமைத்து, பழைய வலையும் புதிய வலையும் எத்தனை வீடுகள் விடயத்தில் முரண்படுகின்றன என்று எண்ணிச் சொல்லிவிட முடியும்.

அந்த எண் பிரதேச செயலாளரின் மேசைக்கும், பள்ளிவாசல் நிருவாக சபைக்கும், கோயில் பரிபாலன சபைக்கும், விவசாய சம்மேளனத்துக்கும் தமிழில் போய்ச் சேரவேண்டும். ஆற்றோரங்களில் எல்லைக் கற்கள் நடப்படுவதற்கு முன்னர் அது சேர்வதே பயனுடையது. கல் நடப்பட்ட பின்னர் மேன்முறையீடு செய்வதற்கு எமது சட்டங்களில் 90 நாட்கள் என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.